கோய்னா ஏரியும் பூமி நடுக்கமும்

பூகம்பம் என்றதும் நம்மவர்களுக்கு இமயமலைதான் ஞாபகத்துக்கு வரும். காங்க்ரா, பீஹார், குவெட்டா, அஸ்ஸாம் என்று பெயர்களை அடுக்கிவிட்டு, "நல்லவேளை, நாம் தெற்கே இருக்கிறோம்" என்று ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். தக்ஷிணத்தின் அடியில் இருப்பது கோடிக்கணக்கான வருஷங்களாக அசையாத கிழட்டுப் பாறை. அதற்கு நடுங்கத் தெரியாது என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகமே நமக்கு அபயம் கொடுத்திருந்தது. அந்த அபயம் 1967-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ஆம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை 4 மணி 21 நிமிஷத்துக்குப் பொய்த்துப் போயிற்று. பொய்த்த இடம் மகாராஷ்டிரத்தில் ஸதாரா ஜில்லாவைச் சேர்ந்த கோய்னா நகர்.

அந்த விடியற்காலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகாபலேசுவரத்தில் பிறக்கும் கோய்னா நதி விசித்திரமான போக்குடையது. கிழக்கே ஓடிக் கிருஷ்ணையில் சேர வேண்டிய நதி, நேரே அப்படிச் செய்யாமல் ஸஹ்யாத்ரி மலைக்கு இணையாகத் தெற்கு நோக்கி வெகு தூரம் ஓடுகிறது. ஹெல்வாக் என்னும் இடத்துக்கு அருகில் திடீரென்று மனம் மாறிக் கிழக்கே திரும்பி, கராட் என்ற ஊரில் கிருஷ்ணையோடு கலக்கிறது. நதிக்கு மேற்கே மலை செங்குத்தாக இறங்கிக் கொங்கணக் கடற்கரையில் போய் முடிகிறது. எஞ்சினீயர்கள் இதைப் பார்த்தார்கள். நதியை மறித்து ஓர் ஏரி கட்டி, மலையைக் குடைந்து நீரை மேற்கே திருப்பினால், 400 மீட்டருக்கு மேல் விழும் ஒரு செயற்கை அருவி கிடைக்குமல்லவா? அருவி கிடைத்தால் மின்சாரம். மின்சாரம் கிடைத்தால் பம்பாயின் ஆலைகள் ஓடும்.

சுயராஜ்யம் வந்த பிறகு அந்த யோசனை கைகூடிற்று. 103 மீட்டர் உயரமும் ஏறக்குறைய அரை மைல் நீளமும் கொண்ட அணை எழுந்தது. அதன் பின்னால் 50 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேங்கிய நீருக்குச் சிவாஜி சாகரம் என்று பெயரிட்டார்கள். மலைக்குள்ளேயே குடைந்து மின்சார நிலையம் அமைத்தார்கள். தேசம் முழுவதும் அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. 1954-இல் பக்ரா-நங்கலுக்குச் சென்ற பண்டித நேரு, இவைதாம் புதிய பாரதத்தின் கோயில்கள் என்று மெய்சிலிர்த்துப் பேசினார். அதே நேரு 1958-இல் நீர்ப்பாசன எஞ்சினீயர்களின் சபையில், பெரிது பெரிதாகக் கட்டவேண்டும் என்னும் ஆசை ஒரு வியாதியாகிவிடக்கூடும் என்று எச்சரித்தார் என்பதை நம்மில் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

1962-இல் ஏரியில் நீர் தேங்கத் தொடங்கிற்று. அதற்குப் பின் அதிக நாள் செல்லவில்லை. சுற்றுப்புறத்தில் பூமி லேசாக அதிரலாயிற்று. அதிர்ச்சியோடு கூட, பாறைக்கு வெடி வைத்தாற்போன்ற சத்தமும் கேட்டது. அணை கட்டிய வருஷங்களில் வெடிச் சத்தம் கேட்டுப் பழகிய காதுகள் முதலில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் 1963-ஆம் வருஷத்து நடுப்பகுதியிலிருந்து அதிர்ச்சிகள் அடிக்கடி வரத் தொடங்கின. பூகம்பமானிக் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதிர்ச்சிகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில், பெரும்பாலானவை ஏரியின் அருகிலிருந்தே கிளம்புவதாகத் தெரிந்தது. அணை கட்டுமுன் அந்த வட்டாரத்தில் பூமி நடுங்கியதாகப் பேச்சே இல்லை. நாட்டின் பூகம்ப வரைபடத்திலும் அது கவலையற்ற பிரதேசமாகவே குறிக்கப்பட்டிருந்தது.

ஏரிக்கும் பூகம்பத்துக்கும் சம்பந்தம் உண்டென்பது அப்போது கேள்விப்படாத விஷயமுமல்ல. அமெரிக்காவில் ஹூவர் அணைக்குப் பின்னால் மீட் ஏரி 1935-இல் நிரம்பத் தொடங்கிய பிறகு அங்கே சிறு அதிர்ச்சிகள் உண்டாயின. கார்டர் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ந்து 1945-இல் எழுதியிருந்தார். சீனத்தில் ஸின்பெங்கியாங் அணையருகே 1962-இலும், ஆப்பிரிக்காவில் கரீபா ஏரியருகே 1963-இலும், கிரீஸ் தேசத்தில் கிரெமஸ்தா ஏரியருகே 1966-இலும் ஆறு அளவையொட்டிய பூகம்பங்கள் நிகழ்ந்தன. வருஷங்களைக் கவனியுங்கள். கோய்னாவில் பூமி முணுமுணுத்துக்கொண்டிருந்த அதே ஐந்து வருஷங்களில்தான் இவை மூன்றும் நடந்தன.

1967 செப்டம்பர் 13-ஆம் தேதி முணுமுணுப்பு உறுமலாயிற்று. அன்று வந்த அதிர்ச்சி ஐந்து அளவைச் சற்றுத் தாண்டியது. அதற்கு மூன்று மாதம் கழித்து டிசம்பர் 11-ஆம் தேதி வந்தது. இப்போதைய கணக்குப்படி அதன் அளவு 6.3. ஐந்துக்கும் ஆறேகாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். பூகம்ப அளவில் ஓர் எண் ஏறினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு ஏறும். ஆகவே 5-ஐவிட 6.3 என்பது ஏறக்குறைய 90 மடங்கு பெரியது.

மார்கழி பிறக்க இன்னும் சில நாட்களே இருந்த குளிர்காலம். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் வேளை. கோய்னா நகரில் அணை உத்தியோகஸ்தர்களின் வீடுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைய இருந்தன. அங்கும் சுற்றியிருந்த கிராமங்களிலும் கருங்கல்லை ஒழுங்காகச் செதுக்காமல் அடுக்கி, சேற்றையோ பலவீனமான சுண்ணாம்பையோ இட்டுப் பூசிய சுவர்களே அதிகம். மழைக்கும் வெயிலுக்கும் அவை கோட்டை மாதிரிதான். ஆனால் பக்கவாட்டில் ஒரு குலுக்கல் குலுக்கினால், வெளிப்புறக் கல்வரிசை ஒரு பக்கமும் உட்புறக் கல்வரிசை மற்றொரு பக்கமும் பிரிந்து, இடையில் கொட்டிய ஜல்லி சரிந்து, சுமந்துகொண்டிருந்த கூரையோடு அப்படியே உட்கார்ந்துவிடும். கோய்னா நகரில் பெரும்பாலான வீடுகள் குடியிருக்க லாயக்கில்லாமல் போயின. இறந்தவர்களின் தொகையை 177 என்றும் 180 என்றும் 200 என்றும் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். காயமடைந்தவர்கள் 1,500-க்குக் குறையாது. பூமியில் விரிசல்கள் வடக்கு வடகிழக்காக ஒரே வரிசையில் ஓடியிருந்தன. கீழே பாறை எந்தத் திசையில் பிளந்து நழுவிற்று என்பதற்கு அவையே சாட்சி.

அதிர்ச்சி 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பம்பாய் ஜனங்களையும் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே துரத்திற்று. விளக்கைப் போடலாமென்றால் விளக்கு எரியவில்லை. மின்சார நிலையம் நின்றுவிட்டது. அதோடு அந்தப் பெரிய நகரத்தின் ஆலைகளும் நின்றன.

அணை என்ன ஆயிற்று என்பதுதான் அன்று எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. அணை நின்றது. ஆனால் காயத்தோடு நின்றது. தன் எடையில் இருபதில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினால் தாங்கவேண்டும் என்ற கணக்கில் அதைத் திட்டமிட்டிருந்தார்கள். அணைக்குள்ளேயே வைத்திருந்த கருவியோ, புவியீர்ப்பில் 0.63 பங்கு வரையில் உலுக்கல் ஏறியதாகப் பதிவு செய்தது. நினைத்ததற்குப் பன்னிரண்டு மடங்கு! அந்த உச்சம் கண நேரமே நீடித்ததால் அணை பிழைத்தது. அதன் மேற்பகுதியில், சுவரின் சரிவு மாறும் உயரத்தையொட்டி, முன்னும் பின்னும் கிடைமட்டமாக விரிசல்கள் கண்டன. பிறகு விரிசல்களை அடைத்து, பின்புறம் முட்டுச்சுவர்கள் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். அன்று அது உடைந்திருந்தால் கீழே பாடணும் கராடும் என்ன கதி அடைந்திருக்கும் என்பதை எழுதவே கை வரவில்லை.

சரி, தண்ணீர் எப்படிப் பூமியைக் குலுக்கும்? இங்கேதான் வாதம் பலமாக நடந்தது. அந்த ஏரி கொள்ளும் நீர் ஏறக்குறைய 280 கோடி டன். இவ்வளவு பாரத்தை ஏற்றினால் பூமி நெளியாதா என்றார்கள் ஒரு சாரார். பத்துக் கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறைக்கு, மேலே சுமக்கும் மலைகளோடு ஒப்பிட்டால் இந்த நீர் ஒரு சொட்டுக்குச் சமானம் என்றார்கள் மற்றவர்கள். அணைக்காரர்களுக்கு இரண்டாவது கட்சி பிடித்திருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான மேடைமீது கவிழ்த்துப் பாருங்கள். யாரும் தொடாமலே சில சமயம் அது நகர்ந்து போகும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரை ஒரு மயிரிழை தூக்கிவிடுகிறது, விளிம்பு மேடையை அழுத்திப் பிடித்திருந்த பிடி தளருகிறது, அவ்வளவுதான், வழுக்கிவிடுகிறது. பூமிக்கடியில் பழைய பிளவுகளின் இரண்டு பக்கங்களும் இப்படித்தான் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. ஏரி நிறைந்ததும் நீர், பாறையிலுள்ள நுண்ணிய வெடிப்புகள் வழியே மெள்ள மெள்ள அழுத்தம் கொடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அந்த அழுத்தம் பிளவை எட்டும்போது பிடி தளருகிறது. பாரம் உடனே தெரியும். அழுத்தம் கீழே பரவ வாரங்களோ மாதங்களோ ஆகும். கோய்னாவில் மழைக்காலத்தில் ஏரி நிறைந்த கையோடு ஆவணி புரட்டாசியில் ஒரு தடவையும், மறுபடி மார்கழியையொட்டி ஒரு தடவையும் அதிர்ச்சிகள் பெருகுவதற்கு விஞ்ஞானிகள் இதையே காரணமாகக் கூறுகிறார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. டம்ளரை வழுக்கவிட்டது காற்று. ஆனால் மேடை ஒரு புறமாகச் சாய்ந்திராவிட்டால் அது எங்கே போகும்? பாரத பூமி வடக்கு நோக்கி நகர்ந்து இமயமலையை இடித்துக்கொண்டிருப்பதால், இந்தத் தேசத்துப் பாறை முழுவதிலுமே ஓர் இறுக்கம் ஏறியிருக்கிறது. கோய்னாவின் அடியிலிருந்த பிளவு, நழுவுவதற்கு அநேகமாகத் தயாராக இருந்தது. ஏரி அதற்குச் சக்தியைக் கொடுக்கவில்லை, சமயத்தைக் கொடுத்தது. எப்போதோ வரவேண்டியதை 1967-இல் வரவழைத்தது. இதனால் அணை கட்டியவர்கள் குற்றமற்றவர்களாகிவிடுகிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கருவி வைத்துக் கணக்கு எடுத்ததற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் வீடுகள் விழுந்த விதத்தைப் பார்த்தால், கருவி சொன்ன சேதி கொத்தனாரிடம் போய்ச் சேரவில்லை.

கோய்னா உலகப் பிரசித்தி அடைந்தது அந்த ஒரு நாளால் மட்டும் அல்ல. மற்ற இடங்களில் பெரிய பூகம்பம் வந்தால் சில மாதங்கள் சிறு அதிர்ச்சிகள் தொடரும், பிறகு அடங்கும். கோய்னாவிலோ அடங்கவே இல்லை. 1973-இல் ஏரி நீர் அதற்கு முன் எட்டாத உயரத்தை எட்டியது. அந்த வருஷம் அக்டோபரில் ஐந்து அளவுக்கு மேற்பட்ட அதிர்ச்சி வந்தது. மீண்டும் 1980-இல், 2000-இல், 2005-இல், 2009-இல். எல்லாம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அதே சிறு வட்டாரத்துக்குள். ஐந்து அளவை எட்டியவை இருபதுக்கு மேல். நான்கை எட்டியவை இருநூறு அளவில். அதற்குக் கீழ்ப்பட்டவை ஆயிரக்கணக்கில். இவற்றில் ஒன்றாவது 1967-ஐ மிஞ்சவில்லை என்பதே ஓர் ஆறுதல்.

ஹர்ஷ் குப்தா, ரஸ்தோகி முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் இந்தக் கணக்குகளைப் பல்லாண்டுக் காலம் பொறுமையாக ஆராய்ந்தார்கள். ஏரியால் தூண்டப்படும் பூகம்பத்துக்கென்று சில அடையாளங்கள் உண்டென்று கண்டார்கள். சாதாரணமாகத் தக்ஷிணத்தில் பூகம்பம் வந்தால் முன்னறிவிப்பில்லாமல் வரும். இதற்கோ முன்னோடிகள் ஏராளம். பெரியவற்றோடு ஒப்பிட்டால் சிறியவற்றின் தொகை மிக அதிகம். பின்தொடரும் அதிர்ச்சிகள் அடங்குவதிலும் ஒரு சோம்பேறித்தனம். நீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது, அந்த உயரத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்ற மூன்றும் முக்கியம் என்றார்கள். ஏரியை நிரப்புகிறவர்கள் கை வைத்துத் திருப்பக்கூடிய விஷயங்கள் இவை.

கோய்னாவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே வாரணா நதியின்மீது இன்னோர் அணை கட்டி, 1985 முதல் நீர் தேக்கினார்கள். அதிர்ச்சிகள் மெல்லத் தெற்கே இடம் பெயர்ந்தன. அந்த ஏரி நிறைய நிறைய, 1993 முடிவிலும் 1994 தொடக்கத்திலும் ஐந்து அளவைத் தாண்டிய அதிர்ச்சிகள் வாரணா பக்கமே வந்தன. இதற்குப் பிறகும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தால், அவர்களுடைய தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

2017-இல் கோதனே என்னும் கிராமத்தருகே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டு முடித்தார்கள். 1,247 மீட்டர் வரையில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அதற்குக் கீழே நேராகக் கருங்கல் பாறை. இடையில் வேறு படிவம் ஒன்றுமில்லை. பூகம்பம் பிறக்கிற இடத்துக்கே போய்க் கருவி வைத்துப் பார்க்கும் பெரிய முயற்சிக்கு இது பூர்வாங்கம். உலகத்தில் இதற்குக் கோய்னாவைப் போன்ற இடம் கிடைப்பது அரிது. சிறிய வட்டாரம், ஆழம் குறைவு, அதிர்ச்சியோ ஓய்வதில்லை.

விஞ்ஞானத்துக்குப் பெரிய லாபம்தான். ஆனால் சிவாஜி சாகரத்தில் நிலமும் வீடும் மூழ்கப்பெற்று வெளியேறிய குடும்பங்கள் மாற்று நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அந்த ஏரியால் ஒரு தடவை வீடிழந்தவர்களில் எத்தனை பேர் 1967-இல் இரண்டாந்தடவையும் இழந்தார்களோ!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோய்னாவுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே, அதே மகாராஷ்டிரத்தில், லாத்தூர் ஜில்லாவில் கில்லாரி என்ற ஊர். 1992-ஆம் வருஷத்துப் பிற்பகுதியில் அங்கே பூமி பல தடவை லேசாக அதிர்ந்தது, ஜனங்கள் கலங்கினார்கள், பிறகு அதிர்ச்சி குறைந்தது, கலக்கமும் குறைந்தது. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்னால் பூகம்பம் வந்தது. அளவு 6.2, கோய்னாவைவிடச் சிறிது குறைவு. இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். கோய்னாவில் கண்ட அதே மாதிரிச் சுவர்கள்தாம்: இரண்டு வரிசைக் கருங்கல், நடுவில் ஜல்லி, சேற்றுப் பூச்சு, மேலே கனமான மண் கூரை. கோய்னாவுக்கும் கில்லாரிக்கும் இடையில் 26 வருஷங்கள் கடந்திருந்தன. கோய்னாவின் ஏரியைப் பற்றி இந்த இடைவெளியில் உலகத்து சாஸ்திரப் பத்திரிகைகளிலெல்லாம் எழுதியாயிற்று. கோய்னாவின் சுவரைப் பற்றிய சமாசாரம் மட்டும் 300 கிலோமீட்டர் பிரயாணம் செய்யவில்லை.

கில்லாரிக்குப் பிறகு கிராமங்களில் சுவர்களைப் பலப்படுத்தும் முறையை விளம்பரப்படுத்தினார்கள். அது மந்திர வித்தை ஒன்றுமல்ல. சுவரின் இரு வரிசைகளையும் ஊடுருவிக் கட்டிப் பிடிக்கும்படி, சில அடிகளுக்கு ஒன்றாக நீண்ட கல்லை, அல்லது கம்பி வைத்த சிமெண்டுத் துண்டைக் குறுக்கே செருக வேண்டும். கதவு ஜன்னல்களின் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி ஓர் ஒட்டியாணம் மாதிரி சிமெண்டுப் பட்டை ஓட வேண்டும். கூரை மண்ணைக் குறைக்க வேண்டும். கருங்கல் சுவர் எழுப்பி வீடு கட்டுகிறவர்கள் இந்த வட்டாரத்திலும் மற்ற இடங்களிலும் நிறைய உண்டு. கடைக்கால் தோண்டு முன்பே கொத்தனாரிடம் அந்தக் குறுக்குக் கல்லைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. சுவர் எழும்பிய பிறகு கேட்டால், அதை உடைத்துத்தான் செருகவேண்டியிருக்கும்.